மச்சான் போட்ட தரை

மசூர் வாசலில் நின்று ஸலாம் சொன்னார். சரீப் பதில் ஸலாம் சொன்னார். அன்றைக்கு இருவரும் நேருக்கு நேர் பேச வேண்டியது அத்தோடு முடிந்தது.

பதினொரு வருடமாக இப்படித்தான். மூன்று நாளுக்கு மேல் பகைத்துப் பேசாமலிருப்பது மார்க்கத்தில் ஆகாது என்பது இருவருக்கும் தெரியும். ஆகையால் ஸலாத்தைத் தவறாமல் சொல்லிக்கொண்டு, மிச்சப் பகையையும் தவறாமல் நடத்தி வந்தார்கள்.

காரணம் சரீபின் வாய். தன் மகனுடைய சுன்னத்து விருந்தில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் சாப்பிட உட்கார்ந்தபோது, கறிக்குழம்பு ஒரே பக்கமாக ஓடியது. அந்தப் பக்கத்தில் இருந்தவர், சரீபின் மனைவி ஹாஜறா காக்கா என்று அழைக்கும் அவளுடைய மூத்த அண்ணன் மசூர். "மச்சான், நீங்க போட்ட தரை கறியையும் உங்கட பக்கமே அனுப்புது," என்றார் சரீப். ஐந்து பேர் சிரித்தார்கள். மசூர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

தங்கைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் தான் கல்யாணம் முடிப்பதில்லை என்று கட்டாரில் ஆறு வருடம் கிடந்து மசூர் கட்டிய வீடு அது. கடைசியில் மேசனுக்குக் கூலி கொடுக்க வழியில்லாமல், தரையை மட்டும் தன் கையாலேயே போட்டிருந்தார். காசில்லாமல்தான் அப்படி என்பது சரீபுக்குப் பிறகுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தாலும் சொல்லித்தான் இருப்பார். அந்த வாய் அப்படி.

இப்போது சரீபும் ஹாஜறாவும் மேல்மாடி கட்டி ஏறிவிட்டார்கள். கீழ்வீட்டை வாடகைக்குக் கொடுக்க ஏற்பாடு. கல்முனை ஆஸ்பத்திரியில் வேலைசெய்யும் தாதி ஒருத்தி தாயோடு வரப்போகிறாள். அவள் போட்ட ஒரே நிபந்தனை, தரையைச் சரிபண்ணித் தர வேண்டும். வெடிப்பு வழியாக எறும்பு மண்ணை மேலே கொண்டுவந்து குவித்திருந்தது.

பெண் வீட்டில் வந்து குடியேறிய மாப்பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார் சரீப். பத்தொன்பது வருடத்தில் ஒரு ஜன்னல் திரையின் நிறத்தைக்கூட அவர் தெரிவு செய்ததில்லை. இந்தத் தரையையாவது தான் தெரிவு செய்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்காகக் கல்முனைக்குப் போய், டைல்ஸ் கடையிலிருந்து மூன்று மாதிரிகளைத் திறீவீல் ஆட்டோவில் ஏற்றி வந்து முற்றத்தில் பரப்பினார். ஒன்று முகம் தெரியும் பளபளப்பு டைல்ஸ். ஒன்று பிளாஸ்டிக் விரிப்பு. ஒன்று காய்ந்த களிமண் நிறத்தில், சொரசொரப்பாக, சின்னச் சதுரமாக இருந்தது.

மசூருக்கும் சரீபுக்கும் நடுவில் நின்றவர், எல்லாரும் பாஸ் என்று கூப்பிடும் மேசன் இப்றாஹிம். இருபக்கக் கதையையும் சுமப்பது அவர் வேலைக் கூலியில் சேர்ந்திருக்கவில்லை.

"பாஸ், வாத்தியாரிட்ட கேளுங்க," என்றார் மசூர், நான்கடி தள்ளி நின்ற சரீபைப் பார்க்காமல். "வெடிப்ப அடைச்சு சீமெந்து பூசினாப் போதாதா? வாடகைக்கு வாற ஆக்களுக்கு என்னத்துக்கு டைல்ஸ்?"

"பாஸ், சொல்லுங்க, பதினொரு வருஷமாப் பூசித்தான் இரிக்கி எண்டு. எறும்புக்குத்தான் வீடு கட்டிக் குடுத்திரிக்கம்."

"ரெண்டு பேருக்கும் காது கேக்குதுதானே," என்றார் இப்றாஹிம். இருவரும் அதைக் கேட்காத மாதிரி நின்றார்கள்.

சரீப் கடற்கரை மணலை அள்ளி மூன்றின் மேலும் தூவினார். வெறும் காஸ் சிலிண்டரைப் பிடித்து அவற்றின் மேல் இழுத்தார். வாடகை வீட்டுத் தரைக்கு அதைவிடப் பெரிய பரீட்சை இல்லை என்பது அவர் துணிபு. பிளாஸ்டிக் விரிப்பு ஒரே இழுவையில் கிழிந்தது. பளபளப்பில் கீறல் விழுந்தது. அடுத்து தண்ணீர் ஊற்றி, றப்பர் செருப்போடு பளபளப்பின் மேல் காலை வைத்தார். வைத்த கால் கிணற்றுப் பக்கம் போனது. சரீப் மல்லாந்து விழுந்தார்.

"பாஸ்," என்றார் மசூர் நிதானமாக. "ஆஸ்பத்திரிச் செலவும் வாடகையோட சேர்த்தியா எண்டு கேளுங்க."

"பாஸ்," என்றார் சரீப், கிடந்தபடியே. "அதுக்குத்தான் நேர்ஸா பாத்துப் புடிச்சிரிக்கன் எண்டு சொல்லுங்க."

ஆக, சொரசொரப்புதான் வென்றது. வழுக்காது. மணல் கிடந்தாலும் தெரியாது. ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். விலையும் மற்ற டைல்ஸைவிடக் குறைவு. சரீப் இடுப்பைத் தடவிக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார்.

"எல்லாஞ் சரி," என்றார் இப்றாஹிம். "ஆனா பழைய தரையக் கொத்தணும். கொத்தாம ஒட்டினா பிடிக்காது, ஒரு வருஷத்தில கழண்டு வரும்."

மசூர் வாசற்படியில் ஏறி நின்றார். "என்ட தரையில ஒருத்தனும் உளி வைக்கேலா."

மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஹாஜறா இறங்கி வந்தாள். வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பெயரில்.

"காக்கா, நீங்க தந்த வீடுதான். இப்ப என்ட வீடு. கொத்தட்டும்."

மசூர் தங்கையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். ஸலாம் சொல்லாமலே போய்விட்டார். பதினொரு வருடத்தில் அது முதல் தடவை. வென்றவர் சரீப்தான், ஆனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. இடுப்பு வலி என்று சொல்லிச் சமாளித்தார்.

டைல்ஸ் வந்து இறங்கிய மறுநாள் காலையில் கீழே உளிச் சத்தம் கேட்டது. இப்றாஹிமாக இருக்கும் என்று சரீப் இறங்கிப் போனால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மசூர் குந்தியிருந்து கொத்திக்கொண்டிருந்தார். இப்றாஹிம் வெறுங்கையோடு சுவரோரம் நின்றார்.

"பாஸ், சொல்லுங்க. போட்டவன்தான் கொத்துவான். வேற ஆரும் கை வெச்சா நடக்கிறது வேற."

சரீபிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. நல்ல பதில். முதல் தடவையாக அதை விழுங்கினார்.

மசூர் அறை அறையாகக் கொத்தினார். கொத்தக் கொத்த இப்றாஹிமிடம் கதைத்தார். கதை சுவரைத் தாண்டிக் கேட்கும் சத்தத்தில் இருந்தது. "இது உச்சி வெயில்ல போட்டது, பாஸ். தண்ணி காட்டத் தெரியல்ல, வெடிச்சிட்டு. இந்த விறாந்தையில மட்டம் புடிக்கத் தெரியல்ல. கறி ஓடினது பொய் இல்ல." சுத்தியலை ஓங்கி ஒரு அடி. "ஆனா அத ஊர் முன்னால சொன்னவன் மனிசன் இல்ல."

கடைசியில் சாமான் அறை மிஞ்சியது. மசூர் கடைசியாகப் போட்டது அதைத்தான். வாசலில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார். "இங்க வரக்குள்ளதான் எனக்குக் கை படிஞ்சது," என்றார், யாருக்கென்றில்லாமல்.

சரீப் எட்டிப் பார்த்தார். வெடிப்பு ஒன்றுமில்லை. இப்றாஹிம் மட்டக் கோலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். குமிழி நடுவில் அசையாமல் நின்றது. மசூர் எழுந்து உள்ளே போய், கொத்துவதற்கு உளி முனையைத் தரையில் வைத்தார்.

"பாஸ்," என்றார் சரீப் அவசரமாக. "சாமான் அறைக்கு டைல்ஸ் காணாது எண்டு சொல்லுங்க. அது அப்பிடியே கிடக்கட்டும்."

இப்றாஹிம் காலையில்தான் பெட்டிகளை எண்ணியிருந்தார்; எல்லா அறைக்கும் போதுமான டைல்ஸ் இருந்தது. வாயைத் திறந்தார். சரீப் பார்த்த பார்வையில் மூடினார்.

"காணாதாம்," என்றார் மசூரிடம்.

மசூர் உளியைத் தரையிலிருந்து எடுத்தார். "பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிக்கிறாராம்," என்றார். "நாலு அறைக்கு டைல்ஸ் எண்ணத் தெரியல்ல. அந்தப் புள்ளையள்ற நிலமையப் பாருங்க, பாஸ்."

"ஓம்," என்றார் சரீப். அவருக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக.

மசூர் அஸர் தொழப் போன நேரம் பார்த்து, சரீப் மூன்று பெட்டி டைல்ஸை ஒவ்வொன்றாக மாடிக்குச் சுமந்தார். மூன்றாவதைக் கட்டிலுக்கடியில் தள்ளும்போது ஹாஜறா பின்னால் நின்றாள்.

"மிச்சமா?"

"கதைக்காதீங்க."

அவள் குனிந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டாள்.