மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

பிரசவக் குறிப்பின் முதல் பக்கத்தில், 'உடனிருந்தவர்கள்' என்ற தலைப்புக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது:

ஜோலீன் பேஸ், தாய்.
கல்லி பேஸ், தகப்பன். பாதி நேரம் வெளியே.
ரூஃபஸ் கில்லி, ஜோலீனின் தாய்மாமன், பல் டாக்டர். காப்பி போட்டார்.
ஓர்ஃபா ராட்லிஃப், மருத்துவச்சி.
நாய் ஒன்று. துரத்தியும் போகவில்லை.
பெண் குழந்தை, மாலை 4.12 முதல்.

நெட்டா ஸ்டிடம் வண்டியை ஓரங்கட்டி இதை மூன்றாவது தடவையாகப் படித்தாள். உரிம வாரியத்தில் விசாரணை அதிகாரியாகி ஆறு வருடம் ஆகிறது. நாயைச் சேர்த்து எழுதிய ஆவணம் இதுதான் முதல். நாயையே மறைக்காத மருத்துவச்சி வேறு எதை மறைக்கப் போகிறாள் என்று தோன்றியது. ஆனால் விசாரணை வேலைக்கு முன் பதினோரு வருடம் ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸாக இருந்து, ஒரு விடியற்காலையில் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தவள் நெட்டா. ஒரேயடியாக விவரம் எழுதுகிறவர்களையும் நம்பக்கூடாது என்பது அங்கே படித்த பாடம்.

புகார் சிக்கலில்லாதது. மூன்று வாரத்துக்கு முன் பேஸ் வீட்டில் பிரசவம். குழந்தை பிறந்த பிறகு ஜோலீனுக்கு ரத்தம் நிற்கவில்லை. ஓர்ஃபா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஜோலீன் பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் வழக்கப்படி ஒரு படிவம் நிரப்பினார்கள். அதில் 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் கீழ் மாநிலம் என்று இருந்தது. அங்கேதான் வம்பு.

பேஸ் வீட்டின் வயிற்றைக் கீறிக்கொண்டு மாநில எல்லை போகிறது. வடக்கே மேல் மாநிலம், தெற்கே கீழ் மாநிலம். ஓர்ஃபாவுக்கு மேல் மாநிலத்தில் உரிமம் உண்டு. கீழ் மாநிலத்தில் நர்ஸ் படிப்பு படித்தவள் மட்டும்தான் பிரசவம் பார்க்கலாம். ஓர்ஃபா நர்ஸ் இல்லை. கட்டில் கீழ் மாநிலத்தில் கிடந்திருந்தால் அவள் செய்தது குற்றம். நெட்டாவின் வாரியம் கீழ் மாநிலத்தது; இங்கே தண்டனை விழுந்தால் மேல் மாநிலத்தில் உள்ள உரிமமும் போகும். 'வீட்டின் நடு அறை, கோட்டுக்கு வடக்கே' என்று ஓர்ஃபா எழுதியிருந்தாள். ஆக, நெட்டா கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கட்டில் எங்கே கிடந்தது?

ஒரு பெண்ணின் பிழைப்பு ஒரு கட்டிலின் நான்கு கால்களில் நிற்பதை அவள் இதுவரை பார்த்ததில்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு அரிப்பு இருந்தது. அதை அவள் மறைத்துக்கொள்ளவில்லை.

கதவைக் கல்லிதான் திறந்தான். உள்ளே ஜோலீன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நடு அறை பெரியது. ஒரு விறகடுப்பு, ஒரு நீளமான ஃப்ரீசர், தரையில் பிளாஸ்டிக் விரிப்பு. அறையின் குறுக்கே, சுவரிலிருந்து சுவர் வரை, நாலு விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி காப்பிக் கோப்பையோடு நின்றாள். பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களின் ஆரஞ்சுச் சட்டை.

"ஓர்ஃபாவா?"

"ஆமா மேடம். கை குடுக்கணும்னா நீங்க இங்க வரணும். அதிகாரிங்க இருக்கும்போது நான் கோட்டைத் தாண்டுறதில்ல."

"பேருந்து ஓட்டுறீங்களா?"

"காலையிலயும் சாயங்காலமும். நடுவுல பிரசவம். குழந்தைங்களும் அதைப் பாத்துத்தான் பொறக்குது."

நெட்டா கோட்டைத் தாண்டிப் போய்க் கை கொடுத்தாள். "யார் போட்ட கோடு இது?"

"எங்க தாத்தா," என்றான் கல்லி. "மதுவிலக்குக் காலம். இந்தப் பக்க ஷெரீஃப் வந்தா ஜாடியை அந்தப் பக்கம் வைப்பாரு. அந்தப் பக்கத்து ஆளு வந்தா இங்க. ரெண்டு பேரும் சேந்து வந்தா ஊத்திக் குடுத்துருவாரு."

"எப்பவும் ரெண்டு பேரும் சேந்தேதான் வந்தாங்கன்னு கேள்விப்பட்டேன்," என்றாள் ஜோலீன்.

இந்தப் பள்ளத்தாக்கில் அந்தக் கோடு எல்லாருக்கும் பழக்கம். பட்டாசு வாங்க ஒரு பக்கம், லாட்டரிச் சீட்டுக்கு இன்னொரு பக்கம். கீழ் மாநிலத்து ஆஸ்பத்திரி பிரசவ வார்டை மூடிய பிறகு, கர்ப்பிணிகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். மாதாமாதம் மலை ஏறி ஓர்ஃபா வீட்டுக்குப் போய்க் காட்டிக்கொள்வார்கள். வலி கண்டால் அவ்வளவு தூரம் முடியாது. பேஸ் வீட்டின் வடக்கு அறைக்கு வருவார்கள். கிறிஸ்துமஸ் பனியில் அந்த அறையின் கூரை உட்கார்ந்துவிட்டது. அதனால் ஜோலீனுக்கு மட்டும் இந்த நடு அறை.

நெட்டா குந்தி உட்கார்ந்து கோட்டை விரலால் தடவினாள். தாத்தா காலத்துக் கோடு என்றார்கள். பெயிண்ட் ஈரம் காயாதது போலப் பளபளத்தது. விரிப்பு வேறு புதுசு. அடுப்புக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வடக்கே இரண்டு அடியில், விரிப்பில் நாலு குழிகள் இருந்தன. கட்டில் கால் பதிந்த குழிகள்.

"கட்டில் இங்கதானே?"

"அங்கதான்," என்றாள் ஓர்ஃபா. "அடுப்புச் சூடு வேணும், கோட்டுக்கு வடக்கயும் இருக்கணும். அளந்துதான் போட்டேன்."

"எல்லைக் கல் எங்க இருக்கு?"

கல்லி தன் பூட்ஸைப் பார்த்தான்.

"கிழக்கு ஜன்னலுக்கு நேரா, வேலிக்கிட்ட," என்றாள் ஜோலீன். "மேற்கே ரோட்டுக்கு அந்தாண்ட இரும்புக் கம்பம்."

நெட்டா வண்டியிலிருந்து நைலான் கயிற்று உருண்டையை எடுத்து வந்தாள். கல்லில் ஒரு முனையைக் கட்டினாள். கிழக்கு ஜன்னலைத் திறக்கச் சொல்லி உள்ளே நுழைத்து, மேற்கு ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, ரோட்டைத் தாண்டிக் கம்பத்தில் இழுத்துக் கட்டினாள். பிப்ரவரிக் காற்று வீட்டுக்குள் புகுந்து மறுபக்கம் போயிற்று.

"எங்க வீட்டு விறகு ரெண்டு மாநிலத்தையும் சூடு பண்ணுது," என்று ஜோலீன் குழந்தையைப் போர்த்தினாள். "சீக்கிரம் பாருங்க மேடம்."

நெட்டா உள்ளே வந்து பார்த்தாள். கயிறு நேராக அறையைக் கடந்தது. மஞ்சள் கோட்டுக்கு மேலே அல்ல. ஐந்து அடி வடக்கே. அது ஓர்ஃபாவின் முதுகுக்குப் பின்னால் போயிற்று.

ஓர்ஃபா திரும்பிக் கயிற்றைப் பார்த்தாள். கீழே கோட்டைப் பார்த்தாள். பிறகு காப்பி சிந்தாமல் குனிந்து, கயிற்றுக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் போய் நிமிர்ந்து நின்றாள்.

"கல்லி," என்றாள். "கோட்டை நகத்துனியா?"

"தரை மாத்துறப்போ..."

"கல்லி."

"ஃப்ரீசருக்காக ஓர்ஃபா. நவம்பர்ல வனக் காவலர் வீடு வீடா வந்தாரு. ஃப்ரீசர் கீழ் மாநிலத்துல நிக்குது. உள்ள மான் இருக்கு, இந்த மாநிலத்துல அப்ப மான் சுடத் தடை. ஃப்ரீசரை நகத்த நாலு ஆளு வேணும். கோட்டை நகத்த ஒரு பிரஷ் போதும்."

"ஒரு மானுக்காகவா?"

"ரெண்டு மான்."

ஜோலீன் சிரிக்கப் பார்த்தாள். ஓர்ஃபாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "அவகிட்ட ஏன்டா சொல்லல?"

"மறந்துட்டேன். எனக்கே கோடு எப்பவும் அங்கதான் இருந்த மாதிரி ஆயிருச்சு."

கட்டில் கிடந்தது கீழ் மாநிலம். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நெட்டா நியாயமாக விசாரணைக் கோப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை. சட்டப் புத்தகத்தில் தடைகள் அரைப் பக்கம்தான். விலக்குகள் மூன்றரைப் பக்கம். பாதிப் பேர் அந்த மூன்றரைப் பக்கத்தில்தான் குடியிருக்கிறார்கள் என்பது அவள் கண்டது.

"அவசரத்துல யார் உதவுனாலும் குத்தமில்ல," என்றாள். "அன்னைக்கு அவசரமா?"

"ஆமா, அவசரம்தான்!" என்றாள் ஜோலீன். "சொல்லு ஓர்ஃபா. ரத்தம் எப்படிப் போச்சு!"

"ரத்தம் போனது குழந்தை வந்தப்புறம். போனதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அதுக்கு முந்தி சாதாரணப் பிரசவம். மணி போட்டு எழுதியிருக்கேன். இப்ப அவசரம்னு சொன்னா அந்தத் தாள் பூரா பொய்னு ஆயிடும்."

"ஆகட்டுமே!"

"அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்காரன் என் தாளைப் பாத்துத்தான் ரத்தம் ஏத்துவான் ஜோலீன். உனக்கு ஏத்துனதும் அதைப் பாத்துத்தான்."

நெட்டா மறுபடியும் பட்டியலை எடுத்தாள். தாய், தகப்பன், நாய். காப்பி போட்டவர்.

"ஓர்ஃபாவை யார் கூப்பிட்டது?"

"நான்," என்றான் கல்லி. "அன்னைக்குப் பனியில வீட்டு போன் செத்துக் கிடந்துச்சு, மத்தியானம்தான் லைன் வந்துச்சு. இங்க செல்போன் எடுக்காது. டவுனுக்கு, பல் டாக்டர் மாமா கிளினிக்குக்குப் போனேன்."

"போன்ல பேசுனது யாரு? நீங்களா, அவரா?"

கல்லி விழித்தான். நெட்டா சுவர் போனை எடுத்து எண்ணைக் கேட்டு அழைத்தாள். மறுமுனையில் பல் துளைக்கும் கருவியின் சத்தம் கேட்டு நின்றது.

"கில்லி டாக்டரா? உரிம வாரியத்துலேர்ந்து பேசுறேன். ஜோலீன் பிரசவத்தன்னைக்கு ஓர்ஃபாவுக்குப் போன் பண்ணது யாரு?"

"நான்தான். கல்லிக்குப் பதட்டம் வந்தா வாய் வராது. ரிசீவரைத் தலைகீழாப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். புடுங்கி நான் பேசுனேன்."

"என்ன சொன்னீங்க?"

"'ஓர்ஃபா, புள்ளைக்கு நேரம் வந்திருச்சு, உடனே வா'ன்னேன். அப்புறம் கிளினிக்கைச் சாத்திட்டு நானும் போனேன். ஏங்க, இதுல எனக்கு எதுனா கேஸா?"

"உங்க கீழ் மாநில உரிமம் நடப்புல இருக்கா?"

"சுவத்துல தொங்குது. எதிர்ல ஒருத்தர் வாயைத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்காரு, அவரையே படிக்கச் சொல்லவா?"

நெட்டா போனை வைத்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். ஒன்பதாவது விலக்கு. வேறு மாநிலத்தில் உரிமம் பெற்றவர், இங்கே உரிமம் பெற்ற ஒருவர் அழைத்தால், ஒரே ஒரு நோயாளிக்காக, இங்கே தொழிலிடம் எதுவும் வைத்துக்கொள்ளாமல், வந்து போகலாம். 'உரிமம் பெற்றவர்' யார் யார் என்று முன்பக்கத்தில் பட்டியல். மருத்துவர், பல் மருத்துவர், கண்ணாடிக்குக் கண் சோதிப்பவர், பாத மருத்துவர் என்று ஒரே மூச்சில் போகிறது. பல் டாக்டர் பிரசவத்துக்கு ஆள் கூப்பிடக் கூடாது என்று எங்கேயும் இல்லை. எழுதியவர்களுக்கு அப்படி ஒரு நாள் வரும் என்று தோன்றியிருக்காது. நெட்டா இரண்டு முறை படித்தாள். ஓட்டை பெரிசாகத்தான் இருந்தது. ஒரு ஆள் நுழையலாம்.

அவள் விளக்கிச் சொன்னதும் கல்லி கையைத் தட்டினான். "அப்ப முடிஞ்சுது!"

"முடியல. அந்த மூலையில இருக்கிறது யாரோடது?"

மூலையில், கயிற்றுக்குத் தெற்கே, ஒரு பிரசவ முக்காலியும் குழந்தை எடை பார்க்கும் தராசும் இருந்தன. ஜோலீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னோடது," என்றாள் ஓர்ஃபா.

"எப்பலேர்ந்து இங்க?"

"அன்னைக்குக் காலையில கொண்டுவந்தேன். ஆம்புலன்ஸ் பின்னாடியே போனவ, திரும்பி வந்து எடுக்கல. மார்ச்ல ரெண்டு பேருக்கு நாள் குறிச்சிருக்கு. தூக்கிட்டு அலைவானேன்னு விட்டுட்டேன்."

கேட்டதற்கு 'ஜோலீனோடது' என்று ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தால் போதும். கேட்ட நெட்டாவுக்கே அது தெரியும். பேனாவைக் கொஞ்ச நேரம் தாளுக்கு மேலே வைத்திருந்தாள். பிறகு எழுதினாள்: பிரசவத்தன்று இங்கே தொழிலிடம் இல்லை. அது உண்மை.

"அந்த ஒரு நாளுக்கு இந்த விலக்கு பொருந்தும்," என்றாள். "உங்க உரிமத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா இது ஒரு தடவைதான். சாமான் இங்கயே இருந்து, மார்ச்ல இன்னொருத்தி வந்து படுத்தா, இது தொழிலிடம். அப்ப நான் வரமாட்டேன், ஷெரீஃப் வருவாரு."

"கோட்டைப் பழைய இடத்துலயே அடிச்சிடறேன் மேடம்," என்றான் கல்லி. "இன்னைக்கே."

"அடிங்க. அடுப்பு அப்பவும் கீழ் மாநிலத்துலதான் இருக்கும்."

கயிற்றுக்கு வடக்கே இந்த அறையில் மிச்சம் இரண்டடி, கட்டில் கொள்ளாது. அதற்கு அப்பால் கூரை போன அறை.

"கூரையைப் போட எத்தனை நாளாகும்?" என்று ஓர்ஃபா கேட்டாள்.

"பனி உருகணும். மே மாசம்."

"மார்ச்ல வர்றவங்க?" என்றாள் ஜோலீன். இந்தக் கேள்வி நெட்டாவிடம்.

"ஆஸ்பத்திரி."

"ஒன்றரை மணி நேரம். பனியில ரெண்டு."

"தெரியும்," என்றாள் நெட்டா. அந்த ரோட்டில் உயிரோடு வந்துசேராதவர்களை இரவுப் பணியில் அவள் பார்த்திருக்கிறாள். அதற்கு விலக்கு எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஓர்ஃபா கயிற்றுக்கு அடியில் மறுபடி குனிந்து வந்து தராசைக் கல்லியின் கையில் கொடுத்தாள். அவன் அதைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வைத்தான். முக்காலியை அவளே தூக்கிக்கொண்டாள். குழந்தையின் பாதத்தை ஒரு தடவை பிடித்துப் பார்த்தாள். சூடு சரியாக இருந்தது போலும், விட்டுவிட்டாள்.

"அஞ்சு மாசம் போனா எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வா, எடை பாக்கலாம்."

"வர்றேன். நாயையும் கூட்டிட்டு."

வடக்குக் கதவு இடிந்த அறை வழியாக முற்றத்தில் திறந்தது. ஓர்ஃபா அதன் வழியே இறங்கினாள், பனியில் முழங்கால் வரை. கல்லி எடுத்துக் கொடுத்த தராசை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"இந்தக் கதவைப் பூட்டணும்," என்றாள் நெட்டா. "இது தொழிலிடம் இல்லன்னு காட்ட, பிரசவத்துக்கு இந்த வழியா யாரும் வர்றதில்லன்னு நான் எழுதணும். எழுதணும்னா கண்ணால பாக்கணும்."

"இதைப் பூட்டி நான் பாத்ததே இல்லையே," என்றான் கல்லி. சாவியைத் தேடினான். ஆணிகள் போட்டு வைத்த ஜாடிக்கு அடியில் கிடைத்தது. துரு. பன்றிக் கொழுப்பைத் தடவினான்.

ஓர்ஃபா அதுவரை போகாமல் முற்றத்தில் நின்றாள். கல்லி சாவியோடு வந்ததும் தலையை ஆட்டிவிட்டு, சாமான்களோடு வேலிப் பக்கம் நடந்தாள். அவன் கதவைச் சாத்தினான். நிலை ஊறிப்போயிருந்தது, தோளால் அழுத்த வேண்டியிருந்தது. சாவி முதலில் சுற்றவில்லை. இரண்டாவது தடவை சுற்றியது.