அப்பன் பேரு தெரியாதா?

அன்புக்கரசியின் அப்பா யாரென்று அவள் அம்மா கஸ்தூரியம்மாள் யாரிடமும் சொன்னதில்லை. மைன்ஸ் கேண்டீனில் கான்ட்ராக்டில் பாத்திரம் தேய்த்து மகளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தாள். இது அவளோடு வேலை பார்க்கும் அருண்குமாருக்குத் தெரியும். அவன் அவள் பின்னால் சுற்றிய நாட்களில் அவளே நம்பிச் சொன்னது. அவனை வேண்டாமென்றபின் அதுவே அவன் கையில் கத்தியானது.

இருவருக்கும் வேலை, சோமசுந்தரத்தின் வெப்சைட் கம்பெனியில். தையல் பயிற்சிக்குப் பெண்கள் பதிவுசெய்யும் பக்கம் ஒன்று தயாரானது. கட்டத்தை நிரப்பாமல் விட்டால் இங்கிலீஷில் வரும் அறிவிப்பைத் தமிழில் பதமாக மாற்றச் சொன்னார் முதலாளி. அதை எழுதியவன் அருண்குமார், சரிபார்ப்பவள் அன்புக்கரசி. எழுதி வைத்துவிட்டு அக்கா கல்யாணத்துக்கு லீவில் போய்விட்டான்.

சரிபார்க்க உட்கார்ந்த அன்புக்கரசி அப்பா பெயரைக் காலியாக விட்டுப் பதிவு பொத்தானை அழுத்தினாள். "அப்பன் பேரு தெரியாதா?" என்று வந்தது. அந்தக் கட்டத்தில் அம்மா பெயரை அடித்தாள். அப்போதும் அதே கேள்வி. கட்டம் நிரம்பியதும் அறிவிப்பை நீக்கும் நிரல் வரியை அவன் எழுதவேயில்லை.

அழுதுகொண்டு தனக்குப் போன் செய்வாள் என்று அவன் நினைத்திருப்பான். அவள் அழவில்லை. எல்லாம் சரியாக இருப்பதாக முதலாளியிடம் சொன்னாள். ஊரே பார்க்கட்டும், அவன் வேலை போகட்டும்.

டவுன்ஷிப் மண்டபத்தில் பதிவு நடந்தது. தனபாக்கியம் என்பவள் கூட்டி வந்த மகள் அபி, அப்பா பெயரை விட்டுவிட்டு அழுத்தினாள். கேள்வி வந்தது. தடுமாறி அம்மா பெயரை அடித்தாள். கேள்வி போகவில்லை. பின்னால் நின்றவள் ஒருத்தி அதை உரக்கப் படித்தாள். வரிசை சிரித்தது.

பக்கத்தை மறுபடி திறந்தாலே அது மறைந்துவிடும். உதவிக்குப் பக்கத்தில் நின்ற அன்புக்கரசிக்கு அது தெரியும். ஆனாலும் சோமசுந்தரம் வந்து கண்ணால் பார்க்கட்டும் என்று கைகட்டி நின்றாள். அபி அழுதுகொண்டே மறுபடி அடித்தாள், மறுபடி அழித்தாள்.

அவர் வந்து பார்த்து முகம் கறுத்தார். "நீதானே சரிபார்த்த?" என்றார்.

"நான் பாத்தப்ப இது இல்லீங்க. அப்பறம் லீவுல இருந்தே அருண்குமார் மாத்தியிருப்பாரு."

கல்யாண வீட்டிலிருந்த அருண்குமாருக்குப் போனிலேயே வேலை போனது.

அதற்குள் தாயும் மகளும் வெளியேறியிருந்தார்கள். அன்புக்கரசி பஸ் ஸ்டாப்பில் அவர்களைப் பிடித்தாள். சரிசெய்தாயிற்று, வந்து பதிந்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினாள்.

தனபாக்கியம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எம்பொண்ணு அழுவுறப்ப நீ அங்கதானே நின்னுக்கினு இருந்த?"

அபி அன்புக்கரசியைப் பார்க்காமலே பஸ்ஸில் ஏறினாள். மறுவாரம் அருண்குமாரின் வேலையை அன்புக்கரசிக்கே கொடுத்தார் முதலாளி. வேண்டாமென்று அவள் சொல்லவில்லை.