சித்தி றலியாவின் முறைப்பாடு

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அப்பால் ஆற்றோரமாக மேலேறும் பாதையில் ஒரு முதியோர் விடுதி இருக்கிறது. முன்பு யாரோ ஒரு துரையின் பங்களாவாக இருந்த கட்டடம். அந்த விடுதியைப் பார்வையிடும் குழுவில் எங்கள் பக்கத்து வீட்டு ஸுலைஹாவைச் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டவுடன், அரைவாசி கழுவிய மீனைச் சட்டியில் மூடி வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். விஷயம் அப்படிப்பட்டது. அவளுடைய மாமியார், சித்தி றலியா என்று பெயர், எட்டு மாதமாக அந்த விடுதியில்தான் படுக்கையில் இருக்கிறார். மாமியார் கிடக்கும் இடத்துக்கு மருமகளே மேற்பார்வைக்குப் போகிறாள் என்றால், சும்மா போவாளா?

கிழவி விடுதிக்குப் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். 1936 ஜனவரியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்றார் கண்டி டாக்டர். ஸுலைஹாவுக்கு ஐந்து பிள்ளைகள். புருஷன் ஸெய்னுலாப்தீனுக்கு நாவலப்பிட்டியில் துணிக்கடை. வியாழன் பின்னேரம் வந்து சனி காலையில் போய்விடும் மனிதர். வேறு வழியில்லாமல் விடுதியில் சேர்த்தார்கள். கிழவியைத் தள்ளிவிட்டாள் என்று தெருவில் பேசினார்கள். நானும் பேசினேன். பேசாமல் இருந்தால் பிறகு என்னைப் பற்றிப் பேசுவார்கள்.

ஆனால் தெருப் பேச்சு ஸுலைஹாவைச் சுடவில்லை. அவளைச் சுட்டது வேறு.

கிழவி விடுதிக்குப் போய் இரண்டு மாதத்தில் முதல் பார்வை நடந்தது. குழுவின் தலைவி வடிவம்மா, கோர்ட்டில் வழக்குப் பேசும் புறக்டர் சண்முகநாதனின் மனைவி. யாழ்ப்பாணத்து ஆள், கண்ணில் பட்டதை எழுதி வைக்காவிட்டால் நித்திரை வராது. அவர் கட்டிலருகே போய்ப் பணிப்பெண் அங்கம்மாவைப் பற்றிக் கேட்டபோது கிழவி, "அங்கம்மாட கை பஞ்சு மாதிரி. பெத்த மகளும் இப்பிடிப் பாக்க மாட்டா" என்றாராம். வடிவம்மா அதைப் புத்தகத்தில் எழுதியதோடு விடாமல் ஊரெல்லாம் சொன்னார். பிலிமத்தலாவையில் ஒரு கலியாண வீட்டில் அது ஸுலைஹாவின் காதுக்கு வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். சேர்ந்து சாப்பிட வைத்த நெய்ச்சோற்றுச் சகனை அவள் தொடவில்லை. அவள் பங்கையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. பதினொரு வருடம் அந்தக் கிழவிக்கு ஆக்கிப் போட்டவள். பதினொரு வருடத்தில் ஒரு நல்ல சொல் கேட்டதில்லை. கறி வைத்தால் புளி. நடந்தால் எருமை நடை. தலை வார வந்தால், "மூதேவி, மயிரப் பிடுங்காத." எங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாலே எல்லாம் கேட்கும். நிற்காவிட்டாலும் கேட்கும். அப்படிப்பட்ட வாய், தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த ஒருத்தியைப் பார்த்துப் பஞ்சு என்றால் எப்படி இருக்கும்?

அந்தக் கலியாணத்துக்குப் பிறகு ஸுலைஹா விடுதிப் பக்கம் போகவில்லை. ஆறு மாதமாகச் சாப்பாட்டை மட்டும் புருஷனிடம் கொடுத்தனுப்பினாள். விடுதியில் முஸ்லிம் பெண்கள் நாலு பேர் இருந்ததால், குழுவுக்கு ஒரு முஸ்லிம் பெண் வேண்டும் என்று வடிவம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாம் பார்வைக்கு நாள் குறித்ததும் ஸுலைஹா தானாகவே சம்மதம் சொல்லியனுப்பினாள்.

"ஏன் திடீரெண்டு?" என்று கேட்டேன்.

"அந்தப் பஞ்சுக் கையைப் பாக்கோணும் ராத்தா" என்றாள். "முதுகில ஒரு புண் ஈக்கட்டும். சின்னதா ஒண்டு போதும்."

சொன்னவுடன், அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று தவ்பா செய்துகொண்டாள். ஆசை மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது. தனியாகப் போவது சரியில்லை என்று துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டாள். கூட்டிப் போகும்படி நான் இரண்டு தடவைதான் கேட்டேன்.

விடுதியில் பதினாலு கட்டில்கள். எல்லாம் பெண்கள். அங்கம்மா வாசலுக்கு வந்து, "வாங்கம்மா, உட்காருங்க" என்று கதிரைகளைத் துடைத்துப் போட்டாள். நாற்பது வயதிருக்கும். புருஷன் செத்த பிறகு தோட்டத்து லயத்தில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவைப் பறித்துவிட்டார்கள். குசினிக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன அறைதான் அவளுக்கு வீடு. இந்த முறை அறிக்கை நன்றாக இருந்தால் அவளைத் தலைமைப் பணிப்பெண்ணாக்குவது என்று பேச்சு. ஸுலைஹா அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். பிறகு கைகளைப் பார்த்தாள். சாதாரணக் கைகள். கொஞ்சம் கரடுமுரடும் கூட. அதில் அவளுக்கு ஒரு சின்ன ஆறுதல்.

வடிவம்மாவின் முறை தனி. "முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டு விடுறது லேசு. குதிக்காலைப் பாருங்கோ, முழங்கையைப் பாருங்கோ, பிறகு முதுகு" என்று சொல்லிக் கொடுத்தார். ஸுலைஹா அதற்கும் மேலே போனாள். தலையணைகளை மோந்தாள். படிக்கங்களுக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு கிழவியின் காதுக்குப் பின்னால் விரலை வைத்துத் தேய்த்து, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தன் வீட்டுப் பிள்ளைகளின் காதை அவள் இப்படிப் பார்த்ததை நான் கண்டதில்லை.

பத்தாவது கட்டில் சித்தி றலியா. மருமகளைக் கண்டதும் தலையை உயர்த்தி, "வாங்கொ மகள், வாங்கொ" என்றார்.

வாங்கொ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஸுலைஹா அதைக் கவனிக்கவில்லை. அவள் ஏற்கெனவே போர்வையை விலக்கிக் குதிக்காலில் கண்ணாக இருந்தாள். குதிக்கால் மிருதுவாக இருந்தது. முழங்கை மிருதுவாக இருந்தது. அங்கம்மா கிழவியைப் பக்கவாட்டில் புரட்டினாள். புரட்டியது தெரியவே இல்லை. எட்டு மாதம் படுத்த முதுகில் ஒரு சிவப்புக்கூட இல்லை. போதாததற்கு நகமெல்லாம் மருதோன்றி.

"நான் வெச்சு விட வந்தா கையத் தட்டி விடுவா" என்று ஸுலைஹா என் காதோடு சொன்னாள்.

கடைசியாக முறைப்பாடு கேட்கும் இடம். வடிவம்மா வழக்கம்போலப் புத்தகத்தை எடுத்துக் கேள்வியை வாசித்தார். "அம்மா, உங்களைப் பராமரிக்கிற அங்கம்மாவிலை ஏதும் குறை இருக்கோ?"

"ஏன் இல்ல?" என்றார் கிழவி. "இவள்ட கையா கை? விறகுக் கட்டை. புரட்டுற புரட்டில எலும்பெல்லாம் நோவுது. ராவில கூப்பிட்டா எருமை மாதிரி ஆடி ஆடி வாறா. பாலில தண்ணி. மூதேவி, ஒரு வேலைக்கும் ஒதவாதவள்."

வடிவம்மா திகைத்துப் போனார். அங்கம்மாவின் கையிலிருந்த எனாமல் பேசின் கட்டில் காலில் முட்டியது. ஸுலைஹா புத்தகத்தை வாங்கி எழுதத் தொடங்கினாள். சோறு கண்ட பசிக்காரி போல எழுதினாள். கை விறகுக் கட்டை என்பதை இரண்டு தடவை எழுதியதாக எனக்கு ஞாபகம்.

கிழவி விடவில்லை. வடிவம்மாவைப் பார்த்து, "ஏன்ட மருமகளை ஒரு குறை சொல்லேலா, அம்மா. அவட சமையலுக்கு ஈடு இல்ல. அவட குணம் தங்கம். இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வந்தீக்கிறா, பாருங்கொ. மகள், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கொ" என்றார்.

பேனை நின்றது. ஸுலைஹா தலையை நிமிர்த்தி மாமியாரைப் பார்த்தாள். பதினொரு வருடம் காத்திருந்த சொல் வந்து சேர்ந்திருக்கிறது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால், யாரோ பட்டப்பகலில் அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போனது போல இருந்தது.

வராந்தாவுக்கு வந்தோம். வடிவம்மா கதவைச் சாத்திவிட்டு அங்கம்மாவைக் கூப்பிட்டார்.

"மற்றதையெல்லாம் விடலாம். பாலிலை தண்ணி கலக்கிறதை விடேலாது. போன வருஷம் சமையல்காரியை இதுக்குத்தான் அனுப்பினது. அண்டைக்கே அனுப்பினது."

"நா ஒரு சொட்டும் எடுக்கலைங்க" என்றாள் அங்கம்மா. அவள் அழவில்லை. "இந்த ஆறு மாசமா ஏன் இப்படித் திட்டுறாங்கன்னே தெரியலை. மொதல்ல எவ்வளவு நல்லாப் பேசுனாங்க. நா என்ன கொறை வச்சேன்? இங்கேருந்து அனுப்புனா எனக்குப் போறதுக்கு எடமில்லைங்கம்மா."

வடிவம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டாவது கையெழுத்து ஸுலைஹாவுடையது. அது விழுந்தால் அங்கம்மா பொழுது படுமுன் மூட்டையைக் கட்ட வேண்டும். புரட்டிப் படுக்க வைக்க வேறு ஆளில்லாமல் கிழவி திரும்ப வீட்டுக்கு வர வேண்டும். ஸுலைஹா வந்தது இதற்குத்தான். பேனையை மையில் தோய்த்தாள். மை காய்ந்தது. மறுபடி தோய்த்தாள்.

"மாமி சொல்றத எழுதப்படாது" என்றாள் கடைசியில்.

"ஏன்? நீங்கள்தானே எழுதினனீங்கள்."

"எங்கட வீட்டில ஒரு பசு ஈந்திச்சி. கெட்டிப் பால். யாரும் கேட்டா, பாலா இது, தண்ணி எண்டுதான் மாமி சொல்லுவா. கண்ணூறு பட்டுடுமாம். என்னைப் பாக்க வந்த எங்கட வாப்பாட்ட, ஏன்ட மகன் சோம்பேறி, கறுவல், ஒண்டுக்கும் ஒதவான் எண்டு சொன்னவ. வாப்பா எழும்பிப் போகப் பாத்தார். அவவுக்கு ஒரே மகன் அது." அவள் தோய்த்த பேனையை நிமிர்த்திப் பிடித்திருந்தாள், மை விரலில் இறங்கியது. "தன்ட சாமானை அவ நல்லதெண்டு வாயால சொல்ல மாட்டா. பிற ஆக்களைத்தான் புகழுவா. வந்து போற ஆக்களை."

"அப்ப அங்கம்மாவை..." என்றார் வடிவம்மா.

"ஆறு மாசமா ஏசுறாவாம் தானே. கேட்டீங்க தானே."

"அப்படியெண்டால் உங்களை—" என்று தொடங்கிய வடிவம்மா, புறக்டர் வீட்டு அம்மா அல்லவா, பாதியில் நிறுத்திக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்.

ஸுலைஹா எழுதியது முழுவதையும் ஒரே கோட்டில் அடித்தாள். கோடு தாளைக் கொஞ்சம் கிழித்தது. கீழே, 'முறைப்பாடு இல்லை. பராமரிப்பு மிகத் திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அங்கம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கும்பிடுவதா, உள்ளே போவதா என்று தெரியாமல் நின்றாள்.

அப்போது உள்ளேயிருந்து, "மூதேவி, எங்க போய்த் தொலஞ்சாய்?" என்று கிழவியின் குரல் வந்தது.

ஸுலைஹா கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். பதினொரு வருடப் பழக்கம். இரண்டடி வைத்துவிட்டாள். அதற்குள் அங்கம்மா, "இந்தா வந்துட்டேம்மா" என்று அவளைத் தாண்டி ஓடினாள்.

அங்கம்மா இப்போது தலைமைப் பணிப்பெண். வெள்ளைச் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து. ஸுலைஹா வெள்ளி தவறாமல் விடுதிக்குப் போகிறாள். மாமியார் மீது இவளுக்கு இவ்வளவு பாசமா என்று தெரு மூக்கில் விரலை வைக்கிறது. எனக்குத்தான் உள்விஷயம் தெரியும். தெரிந்ததை நான் நாலு பேருக்கு மேல் சொல்லவில்லை.

முதல் வெள்ளி நல்ல கோழிக்கறி கொண்டு போனாள். புகழ்ச்சி. இரண்டாம் வெள்ளி தலை வாரப் போய் வேண்டுமென்றே சிக்கில் சீப்பை இழுத்தாளாம். "மெல்லமா வாருறீங்க மகள், அல்லா ரஹ்மத் செய்யட்டும்" என்றாராம் கிழவி, கண்ணில் தண்ணீரோடு. போன வெள்ளி கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றாள். புகை என் வீட்டுக்கு வந்தது. வேலியால் கூப்பிட்டேன்.

"ஸுலைஹா, கஞ்சி கருகுது."

"தெரியும் ராத்தா."

அதை அப்படியே தூக்குச் சட்டியில் ஊற்றிக்கொண்டு போனாள். பின்னேரம் வந்ததும் வராததுமாகக் கேட்டேன், என்ன சொன்னார் என்று. வெறும் சட்டியைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, அடியில் ஒட்டியிருந்த கறுப்பை நகத்தால் சுரண்டினாள்.

"முழுசாக் குடிச்சா" என்றாள். "நல்ல வாசமா ஈக்கி, உங்களுக்கு ஏன் மகள் இந்தச் சிரமமெல்லாம் எண்டு கேட்டா."