மூன்று சொட்டு

1

இந்தக் கதை தானாக வந்ததல்ல, கேட்டு வாங்கியது. போதைத் தடுப்பைச் சின்னக் குழந்தைகளிடமிருந்தே தொடங்க வேண்டும் என்று நினைக்கிற ஒரு தொண்டு நிறுவனம், மூன்று வயது முதல் ஆறு வயது வரை உள்ளவர்களுக்கு வாசித்துக்காட்ட ஒரு கதை வேண்டும் என்றது. நிபந்தனைகள் கொஞ்சம்தான். மது என்ற சொல் வரக் கூடாது. பாட்டில் வரக் கூடாது. அப்பாவைக் கெட்டவராகக் காட்டக் கூடாது. முடிவு மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். அப்புறம் எதைப் பற்றித்தான் எழுதுவது என்று கேட்டேன். அதற்குத்தானே எழுத்தாளரிடம் வந்திருக்கிறோம் என்றார்கள்.

கேட்டவர் பெயர் ப்ரியதர்ஷினி. வெளியூர்க்காரர், நல்லவர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் நீங்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கப் போகிறீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

ஒரு காட்டில் ஒரு முயல் இருந்தது. அதற்கு ஒரு கெட்ட பழக்கம்—

(நிறுத்திவிட்டேன். கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் முயல் என்று ஆரம்பித்தால், பிடித்தார்களா, குழம்பு வைத்தார்களா என்றுதான் கேட்பார்கள்.)

இரண்டாம் முயற்சி:

சுடலைக்குமார் ஒரு குடிகாரன். தினமும் மனைவியை அடித்து—

(இதுவும் ஓடவில்லை. சுடலைக்குமார் அடிக்க மாட்டேன் என்கிறான்.)

அவனைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது. கடம்பூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் ஒரு கிராமம். லோடு ஆட்டோவில் தீப்பெட்டிக் கட்டு ஏற்றிப் போகிறவன். மனைவி மாரிசெல்வி தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள். நாலு வயதில் ஒரே மகள், பிரித்திகா. பொழுது சாய்ந்ததும் வாசலில் கட்டிலைப் போட்டு உட்காருவான். ஒரு குவார்ட்டர், அதற்கு மேல் இல்லை. சத்தம், சண்டை எதுவும் கிடையாது. பகல் முழுக்க வாய் திறக்காத மனிதன் அப்போதுதான் பேசுவான். மகளை மடியில் இருத்திக் காராச்சேவு ஊட்டுவான். ரோட்டில் பார்த்ததையெல்லாம் கதையாகச் சொல்லுவான். பிரித்திகாவுக்கு நாளிலேயே பிடித்த நேரம் அதுதான். டம்ளரையும் தண்ணீர்ச் செம்பையும் யாரும் கேட்காமலே கொண்டுவந்து வைப்பாள்.

இவன் வில்லனாக இருந்திருந்தால் எனக்கு ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்திருக்கும்.

3

இனி நடந்ததைச் சொல்கிறேன். (நடந்தது என்றால், நான் நடத்தியது.)

அந்தக் கிராமத்து அங்கன்வாடியில் நிறுவனத்தின் விழா. சுவரில் பேனர்: 'சின்னஞ்சிறு வயதிலேயே தொடங்குவோம்.' அப்பாக்கள் கட்டாயம் வர வேண்டும் என்று டீச்சர் கல்யாணசுந்தரி வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். வந்தார்கள். கடைசி வரிசையில் சுவரோடு சுவராக நின்றார்கள். குழந்தையின் மூளை ஐந்து வயதுக்குள் எப்படி வளர்கிறது, பார்ப்பதையெல்லாம் எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று ப்ரியதர்ஷினி அழகாகப் பேசினார். எல்லாம் உண்மை. பிறகு சத்துமாவுக் கஞ்சி வந்தது.

பிரித்திகா டம்ளரை வாங்கினாள். உடனே குடிக்கவில்லை. மோதிர விரலைக் கஞ்சியில் நனைத்து, கட்டை விரலால் சுண்டி, தரையில் மூன்று சொட்டுத் தெளித்தாள்.* அப்புறம் கண்ணை இறுக்கிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் அதேபோல் சுண்டினார்கள்.

* இந்தப் பக்கத்தில் ஆண்கள் குடிப்பதற்கு முன்னால் செய்கிற காரியம் இது. எதற்கு என்று கேட்டால் ஒருவர் செத்துப்போனவர்களுக்கு என்பார், ஒருவர் சாமிக்கு என்பார், ஒருவர் கண்ணேறு கழிய என்பார். காரணத்தில்தான் கருத்து வேறுபாடு. சுண்டுவதில் எல்லாரும் ஒற்றுமை.

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடைசி வரிசை ஆண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேனரைப் படிக்கத் தொடங்கினார்கள்.

ப்ரியதர்ஷினிக்கோ கண் கலங்கிவிட்டது. தான் உண்பதற்கு முன் மண்ணுக்குப் படைக்கிற பண்பாடு இந்தக் குழந்தைகளிடம் இருக்கிறதே என்று நெகிழ்ந்தார். இந்த நன்றியுணர்ச்சி இருக்கிற பிள்ளையைப் போதை நெருங்காது என்றார். கைப்பேசியை எடுத்து, இன்னொரு தடவை செய்யச் சொல்லிப் படம் பிடித்தார். பிரித்திகா அதற்கு இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினாள். தங்கள் நிறுவனம் போகிற எல்லா ஊர்களிலும் இனிமேல் கஞ்சிக்கு முன்னால் மூன்று சொட்டு என்று அங்கேயே அறிவிப்பும் வந்தது.

கல்யாணசுந்தரி டீச்சர் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவள் வீட்டுக்காரரும் கடைசி வரிசையில்தான் நின்றார். மூடிக்கொண்டாள்.

பிள்ளையின் அப்பா யார் என்று கேட்டதும் சுடலைக்குமாரை முன்னால் தள்ளிவிட்டார்கள். தோளில் ஒரு துண்டைப் போர்த்தினார்கள். இவ்வளவு நல்ல பழக்கத்தை யார் சொல்லிக்கொடுத்தது என்று ப்ரியதர்ஷினி கேட்டார்.

"யாரும் சொல்லிக் குடுக்கல மேடம்," என்றான். "அவளாத்தான் படிச்சிக்கிட்டா."

எல்லாரும் கை தட்டினார்கள்.

4

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம். கேலி செய்யலாம் என்றுதான் அவனை மேடையேற்றினேன். அவன் முகத்தைப் பார்த்த பிறகு கேலி வரவில்லை. அவன் பயந்துபோயிருந்தான். மகள் சுண்டிய கை அவன் கையாகவே இருந்தது. அதே விரல், அதே வாகு. அவனுக்கு அது அவன் அப்பா வெயிலுமுத்துவிடமிருந்து வந்தது. வெயிலுமுத்து ஐம்பது வயதைப் பார்க்கவில்லை. ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். அவரும் மகனுக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை.

பேனர் சொன்னதை ஊர் எப்போதோ செய்து முடித்துவிட்டது. சின்னஞ்சிறு வயதிலேயே தொடங்கியாயிற்று. பாடம் கட்டிலில் நடக்கிறது. காராச்சேவு உண்டு, மடி உண்டு, கதை உண்டு. இதற்கு எதிராக நான் ஒரு முயலை அனுப்பப் பார்த்தேன்.

நான் எப்படிப் போனாலும் போகிறேன், இவளுக்கு இது வேண்டாம் என்று துண்டும் தோளுமாக நின்றபடி சுடலைக்குமார் நினைத்தான். [கொஞ்சம் நாடகமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தான். இருக்கட்டும்.]

வீடு வந்து சேர்ந்ததும் மாரிசெல்வி மகளை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். வாசலில் வைத்துச் சொன்னாள்.

"எனக்கு மொதல்ல சிரிப்புதான் வந்திச்சு. அப்புறம் சிரிப்பு நின்னுட்டு. இவ எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கா."

"இனிமே அவ முன்னால சுண்ட மாட்டேன்," என்றான்.

"சுண்டுததையா நான் சொல்லுதேன்?"

5

முடிவுகள்.

அ. சுடலைக்குமார் அன்றோடு குடியை விட்டான். நிறுவனத்தின் எல்லா நிபந்தனைகளுக்கும் பொருந்துகிற முடிவு. மாரிசெல்வியிடம் வாசித்துக் காட்டினேன். "எழுதுததுக்கு என்ன அண்ணாச்சி, எழுதுங்க," என்றாள். "நாளைக்குச் சாயங்காலம் அவியகூட வந்து உக்காந்திருப்பீங்களா?" அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டேன்.

ஆ. வெளியிலேயே குடித்துவிட்டு, மகள் தூங்கிய பிறகு வந்தான். பிரித்திகா எதையும் பார்க்கவில்லை. டம்ளரையும் செம்பையும் எடுத்து வைத்துவிட்டுக் கட்டிலில் காத்திருந்தாள். மடியும் இல்லை, கதையும் இல்லை. தடுப்பு என்று பார்த்தால் இது முழு வெற்றி. அப்படியே உட்கார்ந்தபடி அவள்—

(வேண்டாம். என்னால் இதை எழுத முடியாது.)

இ. இதை முடிவு என்று சொல்ல மாட்டேன். அதே நாள் சாயங்காலம்.

இன்றைக்கு வேண்டாம் என்று நினைத்துக்கொண்டுதான் சுடலைக்குமார் கட்டிலில் உட்கார்ந்தான். டம்ளர் வந்தது, செம்பு வந்தது. மகள் மடியில் ஏறிக்கொண்டாள். கை அதுபாட்டுக்கு ஊற்றிவிட்டது. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். விரலை நனைக்காமலே டம்ளரைத் தூக்கினான்.

"எப்பா, நீ சாமிக்கு விடல."

"இன்னைக்கு வேண்டாம்ட்டி."

அவன் மறந்துவிட்டான் என்றே அவள் நினைத்தாள். மறந்ததால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்று அவளுக்குப் பயம். அவன் டம்ளருக்குள் தன் மோதிர விரலை விட்டு நனைத்து, அவனுக்காக மூன்று சொட்டுச் சுண்டினாள்.

விரல் இன்னும் ஈரமாக இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளை ஈர விரலை எங்கே கொண்டுபோகும் என்று உங்களுக்குத் தெரியும். சுடலைக்குமாருக்கும் தெரியும். அவன் இடது கை அவள் விழுந்துவிடாமல் முதுகைத் தாங்கியிருக்கிறது. வலது கையில் டம்ளர். அதைக் கீழே விட்டால்தான் அந்த விரலைப் பிடிக்க முடியும்.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். விரல் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள், சீக்கிரம்.