வேலியைப் பார்த்த பெஞ்சு

மே மாதம் முழுக்க ரோசலிண்ட் சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தில் வெயிலின் பின்னாலேயே அலைந்தாள். எங்கே வெயில் கடைசிவரை நிற்கிறது, எங்கே கிழக்குக் காற்று கழுத்தில் ஏறாது என்று கண்டுபிடிக்க வேண்டும். எழுபதாவது பிறந்தநாளுக்கு மகள் பிலிப்பா பந்தல் பெஞ்சு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாள். மூன்று பக்கமும் பலகை, தலைக்கு மேல் கூரை, தூறலிலும் நனையாமல் உட்காரலாம்.

கடையில் இருந்த பதினொன்றிலும் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தாள். கடைசி பெஞ்சில் கொஞ்சம் அசந்துவிட்டாள். கனவில், கூரையில் கொடி ஏறிப் பூத்திருந்தது. பக்கத்தில் யாரோ தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் கலைந்துவிடும் என்று அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர் உக்கார்றதா, ரெண்டு பேர் உக்கார்றதா?" என்று கேட்டாள் கடைக்காரி.

"ரெண்டு பேர்," என்றது வாய், அவளைக் கேட்காமலே. கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

நாற்காலி கண்டுபிடித்த இடம் கிழக்கு வேலியோரம். வேலி பக்கத்து வீட்டு டெஸ்மண்டுடையது. மனைவியை இழந்தவர். பதினோரு வருடமாக மாலை நாலு மணிக்குக் கையில் குவளையோடு வேலிக்கு வருவார். அவரைச் சட்டைப் பொத்தானுக்கு மேலேதான் அவளுக்குத் தெரியும். பீன்ஸ், ஜாம், படித்து முடித்த நாளிதழ், மனைவி செத்த சேதி, எல்லாம் அந்த வேலிக்கு மேலேதான் கைமாறியது. ஒருவர் தோட்டத்தில் மற்றவர் கால் வைத்ததில்லை. யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

கடை ஆட்கள் வந்து பெஞ்சைப் பொருத்தி, அதன் முதுகை வேலியோடு ஒட்டி நிறுத்திவிட்டுப் போனார்கள். வேலி மார்பளவு, பெஞ்சோ ஆளைவிட உயரம். அவர் வழக்கமாக நிற்கும் இடம் அப்படியே மறைந்துபோனது. வேலியின் மற்ற இடமெல்லாம் அவருடைய முள் ரோஜா படர்ந்திருந்தது. ஒரு மாதம் கனவு கண்டவளுக்கு இது மட்டும் தோன்றவே இல்லை.

"நல்ல இடம்தான் ரோசலிண்ட்," என்றார் டெஸ்மண்ட், பெஞ்சின் ஓரமாக எட்டிப் பார்த்து. "யார் தொந்தரவும் இல்லாம மறைவா இருக்கும்."

"ஆமாம், மறைவா இருக்கும்," என்றாள், மரியாதைக்கு.

மறுநாள் நாலு மணிக்குப் பலகைக்குப் பின்னால் காலடி வந்தது, நின்றது, திரும்பிப் போனது. தனிமை வேண்டும் என்கிறாள் போல என்று அவர் நினைத்திருப்பார். அவருக்கும் விட்டது தொல்லை என்றிருக்கும் போல என்று இவள் நினைத்தாள். எட்டு நாள் இப்படியே போயிற்று. வெயில் மடியில் விழுந்தது, காற்று தொடவில்லை, அவளுக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்த பிலிப்பா நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு குரல் குடுக்க வேண்டியதுதானேம்மா?"

"என்னன்னு குடுக்கறது? வாங்கன்னா? பதினோரு வருஷம் கழிச்சா?"

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

"அந்தப் பக்கம் பிடி. திருப்பலாம்."

"வேலியைப் பாத்துக்கிட்டா உக்காரப் போற? பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீ பிடிடி."

மகள் கிளம்பியதும் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் வெயில் வீணாகிக்கொண்டிருந்தது. முழங்காலுக்கு எதிரே வேலிப் பலகை. வகுப்பில் மூலையில் உட்கார வைத்த பிள்ளை மாதிரி இருந்தது.

நாலு மணிக்கு டெஸ்மண்டின் தலை வேலிக்கு மேலே தெரிந்தது. வெகுநேரம் பெஞ்சையே பார்த்தார்.

"வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே?"

"வெயில் எங்க போயிடப் போகுது?"

வெயில் அபூர்வமான அந்த ஊரில் இதைவிடப் பெரிய பொய் கிடையாது. அவர் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். தன்னைத் தானே கேலிக்கூத்தாக்கிக்கொண்டோமே என்று அவளுக்கு முகம் எரிந்தது.

திரும்பி வந்தவர் கையில் சுத்தியல் இருந்தது. நாலு தட்டுத் தட்டி, எதிரே இருந்த பலகைத் தட்டியைக் கம்பங்களின் நடுவிலிருந்து மேலே உருவி எடுத்துச் சாய்த்து வைத்தார். கிழக்குக் காற்று நேராக அவள் முகத்தில் அடித்தது.

வேலி இருந்த கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார். சுத்தியலை வைத்துவிட்டுக் குவளையை எடுத்துக்கொண்டார்.

"வரலாமா?"

ரோசலிண்ட் தாராளமாக இடம் இருந்தும் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். தெருவில் எப்போதும் பளபளக்கும் ஷூவோடு போகிறவர், வீட்டுக்குள் போடும் கட்டம் போட்ட துணிச் செருப்போடு நின்றிருந்தார். தினமும் வேலிவரை ஈரப் புல்லில் நடந்து நடந்து அதன் நிறமே போயிருந்தது.