ஓரகத்தியின் பித்தளை லென்ஸ்

1

இந்தக் கதை என் சகலை வீட்டு ஹாலில் பிறந்தது. பிறந்தது என்று கௌரவமாகச் சொல்கிறேன். உண்மையில் வயிற்றெரிச்சலில் கிளம்பியது. அவருடைய அலமாரியில், போன மாதம் வரை ஒரு பிளாஸ்டிக் யானை நின்ற இடத்தில், பழங்காலத்துப் பித்தளை லென்ஸ் ஒன்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் திருகுகிற குமிழ், நல்ல கனம். "சும்மா வந்துச்சு சகலை, ஏதோ பழைய கேமராவோடதாம்" என்றார். அந்தச் 'சும்மா'வை என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "சகலை வீட்டில் ஒரு லென்ஸ் இருந்தது. அதன் அருமை அவருக்கு எங்கே..."

(வேண்டாம். நான் எழுதுவதையெல்லாம் படிப்பவர் அவர். படித்துவிட்டு மனைவியிடமும் கொடுப்பார். அவர் மனைவி என் மனைவிக்கு அக்கா. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.)

2

ஆகவே சகலைகளை ஓரகத்திகளாக மாற்றிவிட்டேன். ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்ட இரண்டு பெண்கள். சின்னவள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் கடைகளைத் துழாவுவது அவள் பைத்தியம். முகங்களைப் படமெடுக்கவென்றே அந்தக் காலத்தில் செய்த பித்தளை லென்ஸ் ஒன்று கிடைக்காதா என்று வருடக்கணக்காகத் தேடுகிறாள். கிடைத்ததெல்லாம் சுவரில் படம் காட்டும் விளக்குப்பெட்டியின் லென்ஸ்கள்தான். வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

பெரியவள் எதையும் தேடுவதில்லை. எல்லாம் அவளைத் தேடி வரும். காற்றோட்டமான மாடி அறை வந்தது, நரைக்காத தலைமுடி வந்தது. முகத்துக்கு மட்டும் வயதாகிவிட்டது, அதையும் பவுடர் பார்த்துக்கொள்கிறது. பூச்சாடி வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் கொசுறாகத் தந்ததைக் கொண்டுவந்து சின்னவளின் மேஜையில் வைத்தாள்.

"இது என்னன்னு பாரேன். இந்தக் குப்பையெல்லாம் உனக்குத்தான் தெரியும்."

(லென்ஸைக் கொசுறாகத் தருவார்களா என்று கேட்காதீர்கள். பெரியவளுக்குத் தருவார்கள்.)

3

அது விளக்குப்பெட்டி லென்ஸாகவே இருக்க வேண்டும் என்று சின்னவள் மனதார வேண்டிக்கொண்டாள்.*

மேஜை விளக்கைச் சாய்த்து, கண்ணாடிக்குள் தெரிந்த வெளிச்சப் புள்ளிகளைப் பார்த்தாள். முன்பக்கம் பளிச்சென்று இரண்டு, மங்கலாக ஒன்று: இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். பின்பக்கம் நான்கு புள்ளிகள், நான்கும் பளிச்: அங்கே இரண்டுக்கும் நடுவே இடைவெளி. இதுவரை இரண்டு வகையும் ஒன்றுதான். ஆனால் படமெடுக்கிற லென்ஸின் குழலில் ஒரு பிளவு இருக்கும், ஓட்டை போட்ட தகட்டைச் செருகி வெளிச்சத்தைக் குறைக்க. குழலைச் சுற்றிப் பார்த்தாள். இல்லை. அப்பாடா!

"சாதாரணம்தான்க்கா." சொல்லும்போதே வாய் இனித்தது.

பிறகுதான் குழலில் ஒட்டியிருந்த தோல்பட்டை கண்ணில் பட்டது. பார்க்காத மாதிரி இருந்திருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. நகத்தால் நெம்பினாள். பட்டை உரிந்தது, அடியில் நேர்த்தியாக ஒரு பிளவு.

"ஏன் முகம் இப்படிப் போச்சு?"

"இல்லக்கா, தப்பாச் சொல்லிட்டேன். முகத்தைப் படமெடுக்கிற லென்ஸ் இது. ரொம்ப... அபூர்வம்."

அந்தக் கடைசிச் சொல்லை வெளியே எடுக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"அப்படியா! அப்போ என்னை ஒரு படம் எடு. ஹால்ல மாட்டிடலாம்."

* இந்த இடத்தில் அவளை நல்லவளாக்கி ஒரு வாக்கியம் எழுதினேன். அவளே சிரித்துவிட்டாள். அடித்துவிட்டேன்.

4

உள்ளே பூஞ்சை. சின்னவள் கழற்றித் துடைத்தாள். இந்த லென்ஸில் கடைசிக் கண்ணாடியைத் திருப்பி வைத்தாலும் கச்சிதமாக உட்காரும்; துடைப்பவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு. வெளியே ஒன்றும் தெரியாது, படம்தான் கலங்கும். 'மட்டமான லென்ஸ், நீயே வெச்சுக்கோ' என்று பெரியவளே தூக்கிக் கொடுத்துவிடுவாள்.

(இந்த யோசனை முதலில் அவளுக்கு வந்ததா எனக்கு வந்ததா என்பது...)

திருப்பி வைத்தாள். வெயில் விழும் வாசற்படியில் பெரியவளை உட்காரவைத்து, இருட்டறைக்குள்ளிருந்து லென்ஸை நீட்டிப் பிடித்தாள். ஒத்திகைக்காக அதன் பின்னால் பிடித்த வெள்ளைத் தாளில் ஓரகத்தி தலைகீழாக விழுந்தாள்.

கலங்கித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கலக்கத்தில் கண்ணோரச் சுருக்கம், கன்னத்துப் பள்ளம், எல்லாம் கரைந்துபோயிருந்தன. முகமெல்லாம் ஒரு மினுமினுப்பு. புதுப்பெண்! சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவசரமாகக் கழற்றிச் சரியாக வைத்தாள். இப்போது ஒவ்வொரு சுருக்கமும் கோடு கிழித்தாற்போல் வந்தது. இவ்வளவு துல்லியமான லென்ஸை அவள் பார்த்ததே இல்லை. அது ஓரகத்தியுடையது. அதற்கும் பற்றிக்கொண்டு வந்தது.

"எப்படி வருது?" என்று வாசலிலிருந்து குரல்.

5

முடிவுகள்.

அ) திருப்பி வைக்கிறாள். பெரியவள் அழகாக ஹாலில் தொங்குகிறாள். அப்படிப் படமெடுத்த லென்ஸை எவள் விட்டுக்கொடுப்பாள்?

ஆ) சரியாக வைக்கிறாள். "ஐயோ, கிழவி மாதிரி இருக்கேன், இந்தச் சனியனை நீயே வெச்சுக்கோ!" லென்ஸ் கைக்கு வந்துவிடுகிறது, வேலையை ஒழுங்காகச் செய்ததற்கு.

இ) இருவரும் மனம்விட்டுப் பேசி, கட்டிப்பிடித்து... (சீ.)

ஆ-வைத்தான் எழுதுவதாக இருந்தேன். இன்று காலை சகலை வந்தார், கையில் பையோடு.

"நீங்க லென்ஸைப் பத்திக் கதை எழுதறீங்களாமே? வீட்ல சொன்னாங்க. இதைக் கொஞ்சம் துடைச்சு என்னை ஒரு படம் எடுங்க சகலை. நல்லா வந்தா ஹால்ல மாட்டறேன். வரலைன்னா லென்ஸை நீங்களே வெச்சுக்கங்க."

சகலைக்குக் கன்னம் ஒட்டிவிட்டது. முகத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படுகிறார். கடைசிக் கண்ணாடி இப்போது என் விரல்களுக்கு நடுவில் இருக்கிறது. சரியாக வைத்தால் லென்ஸ் எனக்கு. தப்பாக வைத்தால் அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். இதில் எதைச் செய்கிறவன் நல்லவன் என்று, இவ்வளவு தூரம் படித்த நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவருக்குக் கேட்காமல் சொல்லுங்கள். வாசலில், வெயிலில், தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.