சனிக்கிழமைப் பேச்சுக்குச் சம்பளம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வேனில் கிடைத்தது. மலை நகரமான நாரினிலிருந்து எங்கள் ஊருக்குப் போகும் வேன். ஓட்டுநர் குபாத் எனக்குப் பழக்கமானவர். கணவாய் ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து இருக்கையில் இருந்த என்னிடம் சொன்னார்:

"சேதி தெரியுமா சார்? என் பொண்டாட்டிக்குப் பேசறதுக்குச் சம்பளம் குடுக்கப் போறாங்களாம். இத்தன வருஷமா எனக்கு ஓசியிலதான் பேசிக்கிட்டிருந்தா."

வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அந்த வாக்கியம் கூடவே வந்தது. அவர் மனைவி கனிஷாய் கணக்கு டீச்சர். சனிக்கிழமை பள்ளி விட்டபிறகு சில ஆசிரியர்கள் அவர் வீட்டில் கூடுவார்கள். அடுத்த வாரப் பாடத்தைச் சேர்ந்து யோசிப்பார்கள். ஒருவர் நடத்தும் வகுப்பில் மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள், பிறகு அதைப் பற்றிப் பேசுவார்கள். இப்போது தலைநகரத்திலிருந்து ஒரு திட்டம் வந்து, அந்த மணி நேரங்களுக்குப் பணம் தருவதாகச் சொல்கிறது.

பேச்சு வேலையா? வேலை என்றால், இத்தனை நாள் அது என்னவாக இருந்தது? எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததால்தான் எழுத உட்கார்ந்தேன். தெரிந்திருந்தால் கட்டுரையாகப் போயிருக்கும்.

2

தொடக்கங்கள்.

"பனி மூடிய மலைகளின் மடியில் ஒரு சிறிய பள்ளிக்கூடம்." நிறுத்திவிட்டேன். அங்கே யாரும் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. எல்லோருக்கும் வேலை இருந்தது.

"ஆசிரியப் பணி அறப்பணி. அதற்கு விலை" இதை எழுதியவன் நானில்லை. எனக்குள் குடியிருக்கும் ஆண்டு விழாப் பேச்சாளர். அடித்துவிட்டேன்.

"கனிஷாய் அவர்கள் தம் சமையலறையில்" இதுவும் நகரவில்லை. நேரில் நான் அவரை 'அவர்' என்றுதான் சொல்வேன். அந்தப் பள்ளியில் நான் சில காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு மூத்தவர். ஆனால் 'அவர்' என்று எழுதினால் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கிறது, மனசுக்குள் போக முடியவில்லை. ஆகவே கதை முடியும்வரை 'அவள்'. கனிஷாய் அக்கா* மன்னிக்கட்டும்.

* அங்கே 'எஜே' என்பார்கள். மரியாதையும் உரிமையும் ஒரே அளவில் கலந்த சொல். அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன்.

3

கனிஷாய்க்கு அந்தச் செய்தி பிடிக்கவில்லை.

"நம்ம வீட்டுல உக்காந்து நாம டீ குடிச்சிக்கிட்டுப் பேசறோம். இதுக்கு எவனோ வந்து கூலி குடுக்கணுமா?" என்றாள், இயற்பியல் ஆசிரியர் எமில்பெக்கிடம். ரொம்ப நாளாக அவள் சமையலறைக்கு வருகிறவர் அவர். ரொட்டியில் வெண்ணெயைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"குடுத்தா வேணாம்னுடுவீங்களாக்கா?"

"நான் வாங்க மாட்டேன்."

"அப்ப உங்க பங்கையும் நானே வாங்கிக்கறேன். எனக்கு மனசாட்சி கொஞ்சம் சின்ன சைஸ்."

அவள் சிரிக்கவில்லை. அந்தச் சமையலறை மேஜை அவளுடைய பெருமை. பின்னங்களைக் கூட்டச் சொன்னால் பிள்ளைகள் ஏன் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டுகிறார்கள் என்று ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே பேசியிருக்கிறார்கள். யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல். பணம் வந்தால் அந்த மேஜை வேறொன்றாகிவிடும் என்று பயந்தாள்.

பயந்தபடியே நடந்தது என்று எழுத எனக்கு ஆசை. பாதி அப்படித்தான் நடந்தது. கூட்டம் பள்ளிக்கூடத்துக்கு மாறியது. இதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வந்தார்கள். வரலாற்று டீச்சர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மூலையில் கம்பளிக் காலுறை பின்னினார். ஒருத்தர் தூங்கினார். 'நீங்க வாங்கலேன்னா கணக்கு இடிக்கும்' என்று திட்டத்துக்காரர்கள் சொன்னதால் கனிஷாயும் பணத்தை வாங்கிக்கொண்டாள். வாங்கிய அன்று யாருடைய முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.

மீதிப் பாதியின் பெயர் அனார்கான்.

அனார்கானும் கணக்கு டீச்சர்தான். சின்ன வகுப்புகளுக்கு. கணவன் வேலைக்கென்று ரஷ்யாவுக்குப் போனவன், அங்கிருந்து பணமும் வருவதில்லை, சேதியும் வருவதில்லை. சனிக்கிழமை பள்ளி விட்டதும், ஞாயிறு முழுக்கவும் கால்நடைச் சந்தை வாசலில், கறி வைத்துச் சுட்ட சம்சாவும் டீயும் விற்பாள். கனிஷாய் பலமுறை கூப்பிட்டிருக்கிறாள். "பாக்கறேன்க்கா" என்பாள், வர மாட்டாள். அவளுக்குப் பாடத்தில் அக்கறை இல்லை என்று கனிஷாய் முடிவுகட்டி வைத்திருந்தாள். (இந்த முடிவை நான் முதலில் கதைசொல்லியின் முடிவாகவே எழுதியிருந்தேன். பிறகுதான் பார்த்தேன், அது கனிஷாயின் கண். திருத்திவிட்டேன்.)

சம்பளம் வந்ததும் சனிக்கிழமைக் கடையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு அனார்கான் வந்தாள். முன் வரிசையில் உட்கார்ந்தாள்.

4

ஐந்தாம் வகுப்பில் கனிஷாயின் ரொட்டிப் பாடம் ஊரறிந்தது. வட்டமான ரொட்டி ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவருவாள். பிள்ளைகள் முன்னால் பாதியாகப் பிய்ப்பாள், பாதியைப் பாதியாக, கடைசியில் அவர்களுக்கே தின்னக் கொடுப்பாள். பெற்றோர்கள்கூட அந்தப் பாடத்தைப் படித்தவர்கள்தாம். அந்த வாரம் மற்றவர்கள் பின்னால் நின்று பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு பிள்ளையை மட்டும் கவனிக்க வேண்டும், டீச்சரை அல்ல என்பது ஏற்பாடு. அனார்கான் கவனித்தது கடைசி பெஞ்சு பெகிமாயை.

சனிக்கிழமை எல்லோரும் பாராட்டி முடித்தபின் அனார்கான் பேசினாள்.

"அந்தப் புள்ள ஒண்ணுமே போடலக்கா. முன்னாடி உக்காந்திருக்கறவங்க பதில் சொன்னப்பறம் அத எழுதிக்குது. நீங்க பாக்கும்போது மட்டும் பென்சில ஆட்டுது. வெளிய வந்து கேட்டேன், எவ்வளவு ரொட்டி சாப்பிட்டன்னு. ஒரு துண்டுன்னுச்சு."

"கால்னு சொல்லலியா?"

"துண்டுன்னுதான் சொல்லுச்சு. இன்னும் நாலஞ்சு பேருகிட்டயும் கேட்டேன். எல்லாருக்கும் அது துண்டுதான்."

கனிஷாய்க்குக் காது சுட்டது. இத்தனை வருஷப் பாடம். அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"காசு வாங்கறவங்க எதையாவது சொல்லித்தானே ஆகணும்."

எமில்பெக் "அக்கா" என்றார் மெல்ல.

அனார்கான் எழுந்துபோகவில்லை. அவள் எழுந்துபோவதாகத்தான் நான் முதலில் எழுதினேன். கதவு அறைந்து சாத்தப்படும் சத்தத்தோடு பத்தி முடிந்தது, பார்க்க நன்றாகவும் இருந்தது. ஆனால் அன்று அறையில் இருந்த எமில்பெக் இல்லை என்கிறார். அவள் உட்கார்ந்தே இருந்தாளாம்.

"ஆமாக்கா. காசுக்குத்தான் வந்தேன். நீங்க சும்மா வர்றீங்க, உங்களால முடியுது. என்னால முடியல. அது போகட்டும். பெகிமாயைப் பத்தி நான் சொன்னது தப்பா? அத மட்டும் சொல்லுங்க."



5

இங்கே ஒரு பத்தி இருந்தது. பணம் நோக்கத்தைக் கெடுக்குமா, நோக்கம் உள்ளவனுக்குத்தான் பணம் தேவையில்லையா என்றெல்லாம். எடுத்துவிட்டேன். வேனில் போகும்போது குபாத்திடம் கேட்டேன். வண்டி நிறைவதற்காக அவர் நிலையத்தில் காத்துக்கிடக்கும் நேரம் வேலையா, இல்லையா?

"ஓட்டறத விட அதுதான் சார் பெரிய வேல. ஆனா டிக்கெட்டுல அதுக்கு எடமில்ல" என்றார்.

என்னுடைய பத்தியை விட இது மேல்.

6

திங்கட்கிழமை எமில்பெக்கிடம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கனிஷாய் கடைசி பெஞ்சில் பெகிமாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிள்ளை நடுங்கிப்போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கனிஷாய் காதோடு கேட்டாள்:

"அன்னிக்கு ரொட்டி எவ்வளவு சாப்பிட்ட?"

"ஒரு துண்டு டீச்சர்."

"ரெண்டு துண்டு சாப்பிட்டிருந்தா?"

பெகிமாய் யோசித்தது. "அப்பவும் பசிச்சிருக்கும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் கனிஷாய். சிரிப்புக்குப் பின்னால் வேறொன்று வந்தது. ரொட்டியைப் பிய்த்தால் பிள்ளைகளுக்கு ரொட்டிதான் தெரிகிறது. முழுசு மறைந்துவிடுகிறது. இதை இத்தனை வருஷம் தான் பார்க்காமல் போனது எப்படி? வெட்கப்படுவதற்கு முன்பே அவளுக்கு ஆவல் வந்துவிட்டது. அதனால்தான் அவளை எனக்குப் பிடிக்கும்.

அன்று மாலை அனார்கானின் வகுப்புக்குப் போய் வாசலில் நின்றாள்.

"நீ சொன்னது தப்பில்ல."

"தெரியும்க்கா."

"ரொம்பத்தான். சரி, வேற என்ன பண்ணலாம்னு சொல்லு."

அந்தச் சனிக்கிழமை பேசிப் பேசி இருவரும் ஒரு கயிற்று யோசனையில் வந்து நின்றார்கள். வகுப்பறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரு கயிறு. அதுதான் ஊரிலிருந்து நாரினுக்குப் போகும் சாலை. எங்கே பாதி, எங்கே கால் என்று பிள்ளைகளே போய் நிற்க வேண்டும். முதல்முறை படுதோல்வி. பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கயிறு இழுத்தார்கள். (இதை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விட்டால் கதை அந்தத் திட்டத்தின் விளம்பரப் பிரசுரம் மாதிரி ஆகிவிடும்.) மறுபடி பேசினார்கள். கயிற்றை ஆணியில் கட்டினார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கூட விழித்து, கயிற்றில் ரிப்பன் கட்டினால் என்ன என்றார்.

இரண்டாம் முறை, தினமும் வெளியூரிலிருந்து வேனில் வரும் பெகிமாய் தானாக எழுந்துபோய்க் கயிற்றின் ஓரிடத்தில் நின்றது.

"இங்கதான் எங்க வீடு. ஊர்லேருந்து முக்கால் தூரம். இன்னும் கால் போனா நாரின்."

யாரும் அதனிடம் கேட்டிருக்கவில்லை. பின்னால் நின்றிருந்த அனார்கான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கனிஷாய் அதைக் கவனித்தாள், கவனிக்காத மாதிரி இருந்துகொண்டாள்.

7

வசந்தத்தில் திட்டம் முடிந்தது. சம்பளமும்.

பணம் நின்ற முதல் சனிக்கிழமைக்கு என்னிடம் மூன்று வடிவங்கள் இருந்தன.

ஒன்று: எல்லோரும் வந்தார்கள். கல்வி அமைச்சகத்துக்கு இது மிகவும் பிடிக்கும்.

இரண்டு: ஒருவரும் வரவில்லை. காலியான நாற்காலிகள், கரும்பலகையில் மாலை வெயில். இலக்கியச் சிற்றிதழ்களுக்கு இது பிடிக்கும்.

மூன்றாவதில், கனிஷாய் டீ பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறாள், சம்சா அடுப்பைச் சுற்றியே கூட்டம் நடக்கிறது. இது எனக்கே பிடித்திருந்தது. எழுதிவிட்டு அனார்கானிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க எல்லாம் அடுப்பச் சுத்தி நின்னுக்கிட்டா, சம்சா வாங்க வர்றவன் எங்க சார் நிப்பான்?"

நடந்தது இதுதான். எமில்பெக் வந்தார். வரலாற்று டீச்சர் வந்தார், ஏன் என்று அவரே சொல்லவில்லை, பின்னிக்கொண்டே ஏதோ கேள்வி கேட்டார். வேறு சிலர் வரவில்லை. அனார்கான் சந்தையில் இருந்தாள், நாத்தனாராலும் காசு வாங்காமல் நிற்க முடியாது அல்லவா. கனிஷாய் கொஞ்ச நேரம் பேசினாள். ஒரு பிள்ளையின் விடையைப் பற்றிச் சந்தேகம் வந்தபோது பழக்கத்தில் முன்வரிசைப் பக்கம் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை. பேச்சை நிறுத்திக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

8

மாவட்டக் கல்வி அலுவலகம். (இல்லாத ஒரு மாவட்டத்தின் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அதிகாரி இவளைப் பார்த்ததும் மலர்ந்து போனார்.

"வாங்கக்கா. உங்களப் பத்தித்தான் போன வாரக் கூட்டத்துல சொன்னேன். கனிஷாய் அக்கா ஒரு சோம் காசு வாங்காம எத்தன வருஷம் பண்ணியிருக்காங்க, பாத்துக் கத்துக்கங்கன்னு."

"அதச் சொல்லத்தான் வந்தேன். அந்தப் பேச்ச நிறுத்திடுங்க."

"எந்தப் பேச்ச?"

"என்னைய உதாரணம் காட்டற பேச்ச. எனக்குச் சனிக்கிழம சும்மா இருந்துச்சு, புருஷன் வேன் ஓட்டறார், அடுப்பு எரியுது. அதனால பண்ணேன். என்னையக் காட்டி மத்தவங்களுக்குக் காசு குடுக்காம இருக்காதீங்க."

"அக்கா, காசு குடுத்தப்ப தூங்கினவங்களும் இருந்தாங்களே. எனக்கும் சேதி வருது."

"தூங்கினாங்க. நானும்தான் இத்தன வருஷம் முழிச்சுக்கிட்டே தூங்கியிருக்கேன். எழுப்பினவ காசுக்கு வந்தவதான்."

அதிகாரி கெட்டவர் இல்லை. அவருக்கும் ஒரு மேலதிகாரி உண்டு. நிதி கேட்டு ஒரு வரி எழுதி அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம். பள்ளிக்கூடத்தின் ஒழுகும் கூரைக்கும் அதே நிதிதான். அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். அதை எழுதியும் வைத்திருந்தேன். எழுதிப் படித்தபோது, அதுவரை பெரிதாக இருந்த கேள்வி அந்த ஒரு மனிதரின் குணத்துக்குள் அடங்கிச் சுருங்கிவிட்டது. எனவே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். அவரையும் நாற்காலியிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டேன்.

இப்போது நாற்காலி காலி. உட்காருங்கள். எதிரே கனிஷாய் கோட்டைக் கழற்றாமல் நிற்கிறாள், உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு.

முதலில் அவளை உட்காரச் சொல்லுங்கள்.